கம்பிக் கதவுக்கு உள்ளே ஒரு வீணை

நீதிமன்றக் காவல் வேலைக்குப் போட்டிருக்கிறார்கள் என்றதும், புதிதாகச் சேர்ந்த காவலர்களே, உங்களில் பாதிப் பேருக்கு முகம் சுருங்கியிருக்கும். எனக்கும் சுருங்கியது. ஸ்டேஷனில் வேலை என்றால் சொல்லிக்கொள்ளலாம். கோர்ட்டில் கதவு பார்க்கிறேன் என்று யாரிடம் சொல்வது? ஆதம்பாக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டம்மா, "அப்ப துப்பாக்கியெல்லாம் கெடையாதா?" என்று கேட்டார். இல்லை என்றதும் சாம்பார் பொடியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கதவை ஒன்பது வருஷம் பார்த்தேன். பிறகு எத்தனையோ இடங்களில் வேலை செய்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். சர்வீஸிலேயே எந்த வேலை பிடித்தது என்று கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் அந்தக் கதவைத்தான் சொல்வேன். பையை எப்படிப் பிரித்துப் பார்ப்பது, ஆளை எப்படிச் சோதிப்பது என்பதெல்லாம் பயிற்சியிலேயே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது நான் செய்த இரண்டு தப்புகளைப் பற்றி. ஒன்று சின்னது. இன்னொன்று என் வேலையையே கொண்டுபோயிருக்கும்.

தொண்ணூறுகளில் மயிலாப்பூருக்கும் அபிராமபுரத்துக்கும் நடுவே ஒரு பழைய வாடகை பங்களாவில் நடந்தது அந்த நீதிமன்றம். பெயர் வேண்டாம், இப்போது அங்கே கல்யாண மண்டபம் இருக்கிறது. முன்கூடம்தான் கோர்ட் ஹால். அதன் பக்கத்தில் ஒரு நீளமான நடை. நடையின் வாயிலில் இழுத்துச் சாத்துகிற கம்பிக் கதவு. உள்ளே மூன்றே அறைகள். முதலில் மாஜிஸ்திரேட்டின் அறை, அடுத்து கட்டுக் கட்டாய்க் காகிதம் அடுக்கிய பதிவறை, கடைசியில் சொத்து அறை. வழக்கில் பிடிபட்ட சாமான்களைத் தீர்ப்பு வரும்வரை பூட்டி வைக்கிற இடத்துக்குத்தான் சொத்து அறை என்று பெயர். சைக்கிள், அரிவாள், டேப்ரெக்கார்டர், பித்தளை அண்டா என்று என்னென்னவோ கிடக்கும். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை.

கம்பிக் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல், ஒரு சின்ன மேசை, ஒரு பதிவேடு. ஸ்டூலில் நான். உள்ளே யார் போனாலும் பெயர், நேரம், காரணம் எழுத வேண்டும். ஊழியர்களைத் தவிர யார் போவதென்றாலும் மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். சட்டம் அவ்வளவுதான். கேட்கச் சுலபமாக இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் சின்னத் தப்பு நடந்தது. வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ, கையில் ஒரு தடிமனான ஃபைல். ஒருவர் விறுவிறுவென்று நடந்து வந்து, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு, "ஐயா இருக்காரில்ல?" என்றார். நான் எழுந்து சல்யூட் அடித்துக் கதவைத் திறந்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்து மாஜிஸ்திரேட் என்னைக் கூப்பிட்டார். அந்த ஆள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, இவர் யாருன்னு கேட்டீங்களா?"

"பெரிய ஆபீசர்னு நெனச்சேன், ஐயா."

"இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். எனக்கு மூணு திட்டம் விளக்கிட்டார். மூணுமே நல்லாத்தான் இருக்கு. எதை எடுக்கட்டும்?"

ஒரு கடிந்த சொல் இல்லை. ஆனால் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த ஏஜெண்டோ போகிற போக்கில் எனக்கும் ஒரு விளம்பரத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் கையில் ஃபைலுக்குப் பதில் கத்தி இருந்திருந்தால்? அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். வேகமாக நடக்கிறவனை ஊழியன் என்றும், தயங்கி நிற்கிறவனைச் சந்தேகப் பேர்வழி என்றும் நம் கண் தானாகவே தரம் பிரித்துவிடும். அந்தக் கண்ணை நம்பாதீர்கள். மறுநாள் முதல் நான் கல்லாகிவிட்டேன். கறுப்பு கோட்டா, காக்கிச் சட்டையா, எதுவாக இருந்தாலும் "பேர் சொல்லுங்க, யார்ட்ட அனுமதி வாங்கினீங்க?" என்ற இரண்டு கேள்விதான். வக்கீல்கள் எனக்குப் "பூட்டக்கா" என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அது பிடித்தே இருந்தது.

இனி பெரிய தப்பு. அது சில வருஷம் கழித்து நடந்தது.

மயிலாப்பூர் மாட வீதி ஒன்றில் வீணை சொல்லிக்கொடுக்கிற ஓர் அம்மா இருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. ஒல்லியான உடம்பு, மூக்குக் கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு துணிப்பை. வீணை டீச்சர் என்றே சொல்கிறேன். அவர் வெளியூர் போயிருந்தபோது பூட்டை உடைத்து யாரோ அவர் வீட்டு வீணையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவருடைய அம்மா வாசித்த வீணை அது. சில மாதம் கழித்துப் பழைய சாமான் கடை ஒன்றில் அது இருப்பதை ஒரு மாணவி பார்த்துச் சொல்ல, போலீஸ் போய் எடுத்து வந்தது. கடைக்காரர் விடவில்லை. "இது எங்க குடும்பத்து வீணை, பரம்பரையா இருக்கு" என்று சாதித்தார். டீச்சர் தன்னிடம் கொடுக்கச் சொல்லி மனுப் போட்டார். கடைக்காரரும் ஒரு மனுப் போட்டார். விசாரித்து முடிவு செய்கிற வரைக்கும் வீணை எங்கள் சொத்து அறைக்கு வந்து சேர்ந்தது.

டீச்சரின் மனுவில் ஒரு கோளாறு. அவருடைய வக்கீல், "பலா மரத்தால் செய்யப்பட்ட, யாளி முகம் உள்ள வீணை ஒன்று" என்று எழுதிவிட்டார். எல்லா வீணையும் பலா மரம்தான். எல்லாவற்றுக்கும் யாளி முகம்தான். பசு காணாமல் போனவர் "நான்கு கால் உள்ள பசு" என்று எழுதிக் கொடுத்த மாதிரி.

வாரம் தவறாமல் டீச்சர் வந்து கம்பிக் கதவுக்கு வெளியே நிற்பார்.

"ஒரே ஒரு தடவை உள்ள விடுங்கோ. தந்தியை மட்டும் தளர்த்திட்டு வந்துடறேன். இழுத்துக் கட்டின மேனிக்கே கெடக்கு. தண்டி, அந்த நீளக் கட்டை, வளைஞ்சுடும்."

"அனுமதி இல்லம்மா."

"நான் எங்கயும் தூக்கிண்டு ஓடிட மாட்டேன். நீங்க பக்கத்துலயே நில்லுங்கோ."

"ஐயாவோட உத்தரவு வாங்கிட்டு வாங்க."

அவருடைய வக்கீலிடம் போய்ச் சொல்வார். அவர், "அடுத்த வாய்தால பாத்துக்கலாம்" என்பார். டீச்சர் திரும்பி வந்து, கம்பிகளுக்கிடையே அந்தக் கடைசி அறையின் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவார்.

சொத்து அறைச் சாவி தணிகாசலத்திடம் இருந்தது. அவர்தான் அந்த அறைக்குப் பொறுப்பான எழுத்தர். என்னைவிட இரண்டு வயது சின்னவர், ஆற்றங்கரைக் குப்பத்திலிருந்து படித்து வேலைக்கு வந்தவர். இளகின மனசு. "இன்னாக்கா நீ, அந்தம்மாவப் பார்த்தா பாவமா கீது. அஞ்சு நிமிஷம் வுட்டா இன்னா கெட்டுப்போவுது?" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார். நான் மசியவில்லை.

கத்திரி வெயில் வந்தது. சொத்து அறைக்குள் அடுப்புக்குள் கை விட்ட மாதிரி இருக்கும் என்று தணிகாசலம் சொன்னார். ஒருநாள் மத்தியானம் உள்ளே போய்விட்டு வந்தவர், "யக்கா, அந்த வீணைல ஒரு பித்தளைக் கம்பி கோணிக்கினு கீது" என்றார். அந்த நேரம் பார்த்து டீச்சர் வெளியே நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் அது விழுந்துவிட்டது.

"மெழுகும்மா," என்றார். "கம்பி மாதிரி இருக்கற மெட்டெல்லாம் மெழுகுலதான் நிக்கறது. இந்தச் சூட்டுல மெழுகு இளகி, மேல தந்தி வேற அழுத்திண்டு இருந்தா, ஒண்ணொண்ணா நகர்ந்துடும். எங்கம்மா கையால வாசிச்ச வீணை. நான் என்ன கேக்கறேன்? ஆத்துக்கு எடுத்துண்டு போறேன்னா கேக்கறேன்? சாகறதுக்குள்ள ஒரு வாய் தண்ணி குடுக்க விடுங்கோன்னு கேக்கறேன்."

நான் இளகினேன்.

மாஜிஸ்திரேட் அப்போது பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சாட்சியை விசாரித்துக்கொண்டிருந்தார். அவரைப் போய்த் தொந்தரவு செய்யத் தயக்கம். அதுதான் காரணம் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜக் காரணம் வேறு. கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

கதவைத் திறந்தேன். தணிகாசலம் சொத்து அறையைத் திறந்தார். டீச்சர் வீணை முன்னால் உட்கார்ந்து, பிருடைகளை ஒவ்வொன்றாகத் திருகித் தந்திகளைத் தளர்த்தினார். குழந்தையின் சட்டைப் பித்தானைக் கழற்றுகிற மாதிரி. வீணை ஜன்னல் வெயிலில் கிடந்தது. அதைத் தூக்கி நிழலில் வைக்கக் கையை நீட்டினார்.

"தூக்கக் கூடாதும்மா!" என்றேன். ஏனோ அதில் மட்டும் பழைய பூட்டக்கா விழித்துக்கொண்டாள். வீணைக்கு அடியில் கிடந்த சாக்கைப் பிடித்துத் தணிகாசலம் மெதுவாக இழுக்க, வீணை சாக்கோடு நகர்ந்து சுவரோரம் போனது. அவ்வளவுதான். ஐந்து நிமிஷம். டீச்சர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அவர் போனதும் நான் பதிவேட்டை எடுத்து எழுதினேன். டீச்சரின் பெயர், போன நேரம், வந்த நேரம். "வீணையின் தந்திகளைத் தளர்த்த. எழுத்தரும் நானும் உடன் இருந்தோம். தந்தி, பிருடை தவிர எதையும் தொடவில்லை. வீணையைத் தரையை விட்டுத் தூக்கவில்லை." அனுமதி என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

"இன்னாத்துக்கு இத எழுதிக்கினு கீற?" என்று தணிகாசலம் பதறினார். "எழுதாம வுட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

"நடந்துச்சில்ல? எழுதிட்டேன்."

இதில் வீரம் ஒன்றும் இல்லை. பழக்கம். கை தானாக எழுதியது.

அடுத்த மாதம் விசாரணை. அதற்குள் டீச்சர் வேறு வக்கீல் வைத்து, கூடுதலாக ஒரு மனுவும் போட்டிருந்தார். யாளியின் இடது காதில் சின்ன உடைசல், பிருடைகளில் ஒன்று மட்டும் நிறம் மாறியது என்று அதில் அடையாளங்கள் எல்லாம் சரியாக எழுதியிருந்தது. காலையில் வழக்கு எடுத்ததுமே கடைக்காரரின் வக்கீல் எழுந்தார்.

"இந்த அடையாளங்களை மனுதாரர் எழுதிக்கொடுத்தது எப்போது? வழக்குச் சொத்து இருக்கிற அறைக்குள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு! அவரை உள்ளே விட்டிருக்கிறார்கள். நடைக் கதவில் இருக்கிற பதிவேட்டை இந்த நீதிமன்றம் வரவழைக்க வேண்டும்."

டீச்சரை நான் உள்ளே விட்ட அன்று ஹாலில் உட்கார்ந்திருந்த யாரோ பார்த்துக் கடைக்காரர் காதில் போட்டிருக்கிறார்கள். ஹால் முழுக்க ஒரு முணுமுணுப்பு. மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மதியம் இரண்டரைக்குப் பதிவேடு வரட்டும்" என்று மட்டும் சொன்னார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் தணிகாசலம் என் மேசைக்கு வந்தார். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

"யக்கா, ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். ஒண்ணு செய்யலாம். அந்தப் பக்கத்த கிழிச்சிரலாம். இல்லாட்டி அந்த நோட்டு மழைல நனைஞ்சிடுச்சுன்னு சொல்லி, புது நோட்டு போட்டு எல்லாத்தையும் நானே எழுதிக் குடுக்கறேன். என் கையெழுத்து நல்லா கீதும்."

"இந்த வெயில்ல மழை எங்கய்யா வந்துச்சு?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் பயம்தான். தலைமைக் காவலர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்த சமயம் அது. வீட்டில் அந்தப் பதவி உயர்வை நம்பித்தான் எல்லாம். பக்கத்தைக் கிழிப்பது ஒரு நொடி வேலை. பதிவேட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். விரலும் அந்தத் தாளின் ஓரத்தில்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அப்போது எனக்குத் தோன்றியது தர்மம், நியாயம் எதுவும் இல்லை. ஒரு சின்னக் கணக்கு. இந்தப் பக்கம் இருந்தால், டீச்சர் ஐந்து நிமிஷம் உள்ளே இருந்தார், இன்னின்னதைத் தொட்டார், இன்னதைச் செய்யவில்லை என்று சொல்ல ஒரு சாட்சி உண்டு. இந்தப் பக்கம் போனால், அவர் உள்ளே என்னவெல்லாம் செய்தார் என்பதை அந்த வக்கீல் இஷ்டத்துக்கு இட்டுக்கட்டலாம். கிழித்தால் நான் தப்பிப்பேன், மாட்டிக்கொள்வது டீச்சர்.

"தணிகாசலம், நீ சாவி தெறந்தது நான் சொன்னதுனால. அப்படியே சொல்லப்போறேன். நீ போய்ச் சாப்பிடு."

"நீ இன்னா பண்ணப்போற?"

"படிச்சுக் காட்டப்போறேன்."

இரண்டரை மணிக்கு நானே பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய்க் கூண்டில் ஏறினேன். அத்தனை வருஷம் அந்தக் கூண்டில் மற்றவர்கள் கட்டையை இறுகப் பிடித்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதன் கட்டை அவ்வளவு வழுவழுப்பாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

கடைக்காரரின் வக்கீல் கேட்டார்: "மனுதாரரை உள்ளே விட்டீர்களா?"

"விட்டேன்."

"யார் அனுமதி கொடுத்தது?"

"யாரும் கொடுக்கல. நானா விட்டேன். எழுத்தர் நான் சொல்லித்தான் பூட்டைத் தெறந்தார். தப்பு என்னோடது."

வக்கீல் நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்து வந்தவர் போலிருக்கிறது. அடுத்த கேள்விக்குக் கொஞ்சம் தடுமாறினார்.

"வீணையைத் தொட்டாரா?"

"தந்தியையும் பிருடையையும் தொட்டார்."

"தூக்கினார், திருப்பினார், அடியெல்லாம் நன்றாகப் பார்த்தார். அப்படித்தானே?"

"இல்லைங்க. தூக்கப் போனார். நான் விடல. சாக்கோட இழுத்துத்தான் நகர்த்தினோம். அன்னைக்கே எழுதியிருக்கேன்." படித்துக் காட்டினேன்.

"எப்படியானாலும் கண்ணால் பார்த்துவிட்டார். இனி அவர் சொல்கிற எந்த அடையாளத்துக்கும் மதிப்பில்லை" என்று சொல்லி உட்கார்ந்தார். அவர் சொன்னதும் சரிதான். டீச்சர் தலை கவிழ்ந்துவிட்டது. நல்லது செய்யப் போய் அந்த அம்மாவின் வழக்கை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். வேலை போவதைவிட அது பெரிதாகத் தெரிந்தது.

மாஜிஸ்திரேட் பேனாவை மூடி வைத்தார். பிறகு டீச்சரைக் கேட்டார்.

"அம்மா, ஐந்து நிமிஷம் பார்த்தாலும் தெரியாத அடையாளம் ஏதாவது உண்டா? வீணையைத் தூக்கினால்தான் தெரியும் என்கிற மாதிரி?"

டீச்சர் நிமிர்ந்தார். முகத்தில் என்னவோ வந்து போனது. "இருக்கு. ஆனா அதை எல்லார் முன்னாடியும் சொல்லணுமா?"

"எழுதிக் கொடுங்கள்."

ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். மாஜிஸ்திரேட் படித்தார். உதட்டோரம் லேசாக அசைந்தது. காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடைக்காரரைப் பார்த்தார்.

"பரம்பரை வீணை என்கிறீர்கள். தூக்கினால் என்ன தெரியும்?"

கடைக்காரர் யோசித்தார். "கனமா இருக்கும், ஐயா."

ஹாலே சிரித்தது. "வேறு?"

"உள்ள ஏதோ லொடலொடங்கும். மரச் சில்லு ஒண்ணு உடைஞ்சு கெடக்குது. ரொம்பப் பழசு பாருங்க."

"மரச் சில்லா? நிச்சயமா?"

"நிச்சயம், ஐயா. எங்க தாத்தா காலத்துலேர்ந்தே அப்படித்தான்."

மாஜிஸ்திரேட் காகிதத்தைத் திருப்பிப் படித்தார். "'எனக்கு ஏழு வயசில் அம்மாவின் வீணைக்குள் குடத்து ஓட்டை வழியாக ஒரு குன்றிமணியைப் போட்டுவிட்டேன். இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.'"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அம்மா ஒவ்வொரு தடவை வீணையை எடுக்கறச்சயும் 'என்னடி இது, உள்ள என்னமோ உருளறது'ன்னு கேப்பா. நான் தெரியாதுன்னுடுவேன். அம்மா போய்ச் சேந்தாச்சு. அவகிட்டயே ஒத்துக்காததை மனுவுல எழுத மனசு வரலை."

"கொண்டு வாருங்கள் வீணையை" என்றார் மாஜிஸ்திரேட்.

தணிகாசலம் ஓடினார். வீணையைத் தூக்கி வரும்போதே உள்ளே குடுகுடுவென்று ஒரு சத்தம் உருண்டது. மேசை மேல் வைத்தார்கள். குடத்தின் மேல் பலகையில் இரண்டு பக்கமும் பூ மாதிரி ஓட்டைகள். ஒரு பக்க ஓட்டையில் வெளிச்சம் அடித்து மறுபக்கம் பார்த்தால் தெரியும் என்றார் டீச்சர். "டார்ச் லைட் இருக்கா?"

"சொத்து ரூம்புல எட்டு டார்ச் கீதுய்யா!" என்று தணிகாசலம் சொத்து அறைப் பக்கம் திரும்பிப் பாய்ந்தார்.

"அது வேற கேஸ் சொத்து! தொடாதே!" என்று நான் கூண்டிலிருந்தே கத்திவிட்டேன்.

அந்த ஹாலில் அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மாஜிஸ்திரேட்டே வாயைப் பொத்திக்கொண்டார். கடைசியில் எதிர் டீக்கடையிலிருந்து ஒரு டார்ச் வந்தது. பேட்டரி மங்கல். வீணையைச் சாய்க்கிறார்கள், மணி உருண்டு இருட்டில் போய் ஒளிந்துகொள்கிறது. "இந்தப் பக்கம் சாய்ங்க சார்", "இன்னும் கொஞ்சம் தூக்குப்பா", "மெதுவா, மெதுவா" என்று வக்கீல்கள், போலீஸ்காரர்கள், வேறு வழக்குக்கு வந்தவர்கள், எல்லோரும் ஆளுக்கொரு யோசனை. சைக்கிள் திருட்டுக்காகக் கையைக் கட்டி நின்ற ஒருவன், "லைட்ட கீழேர்ந்து அடிங்க சாமி" என்றான். அவன் சொன்னதுதான் சரியான யோசனை.

மாஜிஸ்திரேட் குனிந்து ஒரு கண்ணை மூடி ஓட்டைக்குள் பார்த்தார். நிமிர்ந்தார்.

"சிவப்பு" என்றார். "ஒரு பக்கம் கறுப்பு."

பிறகு கடைக்காரரின் வக்கீலைக் கூப்பிட்டார். "நீங்களும் பாருங்கள்." அவர் கோட்டைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். நேர்மையான மனிதர். "கண்ணால் பார்த்ததை மறுக்க எனக்கு வராது, ஐயா" என்றார். கடைக்காரர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, வாசலைப் பார்த்தார். வாசலில் எங்கள் ஆள் ஒருவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

வீணையை டீச்சரிடம் ஒப்படைக்க உத்தரவானது. எனக்கு இன்னும் முடியவில்லை. சாயங்காலம் மாஜிஸ்திரேட் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசை மேல் ஒரு மெமோ, என் பெயர் போட்டு.

"இதுக்கு நீங்க விளக்கம் எழுதித் தரணும். வேற வழியில்லை."

"எழுதறேன், ஐயா."

"ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கு என்கிட்ட ஏன் கேக்கல?"

"விசாரணை நடந்துக்கிட்டு இருந்துச்சு..."

"நான் இருந்த எடம் உங்க ஸ்டூல்லேர்ந்து பத்தடி. ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தா அந்த நிமிஷமே கையெழுத்துப் போட்டிருப்பேன். அந்த அம்மா ஆறு வாரமா வெயில்ல வந்து நின்னுருக்க வேண்டியதில்ல. நீங்க கூண்டுல ஏறியிருக்க வேண்டியதும் இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. ஆறு வாரம் இல்லை இல்லை என்று சொன்னதும் நான்தான். ஏழாவது வாரம் திறந்துவிட்டதும் நான்தான். நடுவில் "கேட்டுப் பார்க்கிறேன்" என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அது என் வாயில் வரவே இல்லை. டீச்சரை உத்தரவு வாங்கி வரச் சொன்னேனே தவிர, அந்த உத்தரவு எங்கே, எப்படிக் கிடைக்கும் என்று ஒரு நாளும் சொல்லிக்கொடுக்கவில்லை. காவலுக்கு நிற்கிறவர்களுக்கு வருகிற வியாதி இது. கதவைச் சாத்தவும் தெரியும், மனசு இளகினால் திறக்கவும் தெரியும். கேட்கத் தெரியாது.

பிள்ளைகளே, எழுதி வைத்துக்கொள்ள வேண்டுமானால் இதை எழுதிக்கொள்ளுங்கள். யாராவது அழுதுகொண்டு உங்கள் கதவுக்கு வெளியே நின்றால், அவருக்காக நீங்கள் ஒரு தடவை உள்ளே போய்க் கேளுங்கள். மறுத்தால் மறுக்கட்டும். அப்படியும் தப்பு செய்துவிட்டால், அதை அன்றைக்கே மையில் எழுதிவிடுங்கள். எழுதின தப்புக்கு ஓர் அளவு உண்டு. மறைத்த தப்பு எதிராளி சொல்கிற அளவுக்கு வளரும்.

என்னை எச்சரித்து விட்டுவிட்டார்கள். பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப் போனது. தணிகாசலத்துக்கு ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு கெட்டுப்போகக்கூடிய சாமான் எது வந்தாலும் அன்றைக்கே மாஜிஸ்திரேட்டுக்கு ஒரு சீட்டு போகும். மாம்பழக் கூடை, சேவல், ஒரு தடவை இரண்டு அண்டா பிரியாணி. பிரியாணிக்கு உத்தரவு பத்து நிமிஷத்தில் வந்தது.

ஆனால் நான் சொல்லி முடிக்க நினைப்பது அந்த மெமோ கிடைத்த சாயங்காலத்தை.

மெமோவைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் டீச்சர் ஓர் ஆட்டோவோடு திண்டாடிக்கொண்டிருந்தார். வீணை உள்ளே நுழைய மறுத்தது.

"இன்னாம்மா இது, ஆளவிட நீட்டா கீது! தலைய வெளில வுட்டுக்கினு போவ வேண்டியதுதான்," என்றார் ஆட்டோக்காரர்.

"தலையில ஒரு அடி பட்டாலும் நான் செத்துடுவேன்" என்றார் டீச்சர்.

வீணையை அவர் மடியில் படுக்க வைத்தோம். யாளி முகம் ஒரு முழத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தது. தணிகாசலம் தன் துண்டை எடுத்து அதற்குத் தலைப்பாகை மாதிரி சுற்றிக் கட்டினார். ஆபீஸ் விடுகிற நேரம். முனையில் பஸ், லாரி, சைக்கிள், மாட்டு வண்டி எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஆட்டோ வலது பக்கம் திரும்ப வேண்டும், இடமே இல்லை.

நான் தெரு நடுவில் போய் நின்றேன். விசிலை எடுத்து ஊதினேன். இரண்டு கையையும் நீட்டி இரண்டு பக்கமும் நிறுத்தினேன். எனக்கு அங்கே டிராஃபிக் டியூட்டியும் இல்லை, அதிகாரமும் இல்லை. மொத்தச் சாலையும் நின்றது.

முன்னால் நின்ற பஸ்ஸின் டிரைவர் தலையை நீட்டினார். "யாரு போறது, யக்கா? மினிஸ்டரா?"

"சும்மா நில்லுய்யா. போய்க்கட்டும்."

ஆட்டோ திரும்பியது. தலைப்பாகை கட்டின யாளி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்து போனது. ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது, அத்தனை ஹாரனுக்கும் நடுவே, குடுகுடுவென்று உருண்ட சத்தம் எனக்குக் கேட்டது. ஆட்டோவுக்குள் டீச்சர் வாய்விட்டுச் சிரிப்பதும் கேட்டது. பஸ் டிரைவர் ஒன்றும் புரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சல்யூட் வைத்தார்.